நாலாயிரத்து ஒண்ணாவது பீஸ்

அக்கட்டால செத்தத் தள்ளி உக்காருங் கண்ணு, நான் இந்தக் காலை நீட்டோணும். மடக்குனா விண்ணு விண்ணுங்குது. ஆங், போதும் போதும். பை மடியிலயே இருக்கட்டுங். மேல வெச்சா விழுந்துரும், உள்ள முக்கியமான சாமான் இருக்குது.

கால்ல போட்டிருக்கற கட்டைத்தான பாக்கறீங்? கேளுங், கேட்டா என்ன? பஸ் ஸ்டேண்டுல மூணு பேரு கேட்டாங்க. மூணு பேத்துகிட்டயும் ஆணி குத்திருச்சுன்னு சொல்லிப்போட்டேன். நின்ன எடத்துல ரெண்டு நிமிசம் பேசறவங்களுக்கு அது போதும். நீங்க தாராபுரம் வரைக்கும் போறீங்கங்கறீங். நான் குண்டடம் தாண்டி ஈச்சங்காட்டுப் பிரிவுல எறங்கோணும். ஒரு மணி நேரம் ஒட்டுக்கா உக்காந்து வந்துட்டு உங்ககிட்டப் பொய் சொன்னா நல்லாவா இருக்கும்?

ஆணி இல்லீங். ஊசி. ஊசின்னாக்கூட முழு ஊசி இல்ல, மொனை மட்டும். அரிசில பாதி இருக்கும். அதுக்குத்தான் இத்தாச்சோட்டுப் பெரிய கட்டு.

என்ற பேரு பழனாத்தா. திருப்பூர்ல பனியன் கம்பெனியில லைன் சூப்பர்வைசர். கம்பெனி பேரு எதுக்குங், வேண்டாம். பதினேழு வருசமா அங்கதான் இருக்கறேன். கைக்கொழந்தைங்க போடற பனியன்தான் எங்குளுக்கு, எல்லாம் வெளிநாடு போகுது. என்ற லைன்ல முப்பத்திரண்டு டெய்லருங்க, எல்லாம் பொம்பளைங்க. ஊசி ரிஜிஸ்தரும் என்ற கையிலதான்.

ஊசி ரிஜிஸ்தர்னா உங்குளுக்குத் தெரியாது. இருங், சொல்றேன். தைக்கறப்ப ஊசி ஒடைஞ்சா, சும்மா வந்து புது ஊசி குடுங்கன்னு கேக்க முடியாது. ஒடைஞ்ச துண்டு அத்தனையும் பொறுக்கிக் கொண்டாந்து என்ற மேசையில வெக்கோணும். நான் அதையெல்லாம் சேத்து வெச்சு, முழு ஊசி நீளம் வருதான்னு பாத்து, நோட்டுல டேப் போட்டு ஒட்டி, எந்த மெஷின், யாரு, எத்தனை மணி, துண்டு எங்க கெடச்சுதுன்னு எழுதி, கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் புது ஊசி தருவேன். ஒரு துண்டு கொறைஞ்சாலும் லைன் நிக்கும். ஏன்னு கேளுங். அந்தத் துண்டு ஒரு பனியனுக்குள்ள போயி, எங்கியோ ஒரு பச்சக் கொழந்தை வவுத்துல குத்துனா? அது வாயத் தொறந்து சொல்லுமா ஊசி குத்துதுன்னு? அழுகும். பசிக்கு அழுகுதுன்னு பால் குடுப்பாங்க. மறுக்காவும் அழுகும். அதனால என்றகிட்ட எவ கெஞ்சுனாலும் நடக்காது. ரூல்னா ரூல்.

பொறத்தால ஊசிக்காரின்னு பேரு வெச்சிருக்கறாங்க எனக்கு. வெச்சுக்கட்டுமே. மாரியாத்தாளுக்கே நூறு பேரு வெச்சிருக்கறாங்க.

இன்னொரு ரூலும் நான்தான் கொண்டாந்தேன். லைனுக்குள்ள செருப்புப் போடக்கூடாது. வெள்ளத் துணி கண்ணு, ஒரு பொட்டு மண்ணு பட்டா பீஸ் போச்சு. அதனால செருப்பெல்லாம் வாசல்ல ஸ்டேண்டுல. உள்ள அல்லாரும் வெறுங்காலு, பெடல் மிதிக்கறதும் வெறுங்காலு. மேனேஜர்கூட அப்பவே கேட்டாரு, "ஏனுங்க்கா, ஊசியும் கத்திரியும் பொழங்கற எடத்துல வெறுங்காலா?"ன்னு. "நான் இருக்கறப்ப கீழ ஊசி கெடக்குமாங்?"ன்னு கேட்டேன்.

போன திங்கக்கெழமைங். பதனோரு மணி டீ முடிஞ்சு உக்காந்து அஞ்சு நிமிசம் இருக்கும், பூங்கொடி மெஷின்ல படக்குன்னு ஒரு சத்தம்.

பூங்கொடியப் பத்திச் சொல்லோணும். எட்டு வருசமா என்ற லைன்தான். முப்பத்தஞ்சு வயசிருக்கும். இப்ப நான் போறனே, அந்த ஈச்சங்காட்டுல இருந்து கம்பெனி வேன்ல வருவா. அவளுக்கு வாயி அதிகம் பேசாது, கைதான் பேசும். எட்டு வருசத்துல பதினாலு ஊசி ஒடச்சிருக்கறா, பதினாலுக்கும் துண்டு முழுசா வந்துருச்சு. வாய்க்கு வந்ததச் சொல்லலீங், நோட்டைப் பாத்துத்தான் சொல்றேன். என்ற லைன்லயே சுத்தமான கை அவளுது. அதை நான் அவகிட்டச் சொன்னதில்ல. சொன்னா தலைக்கேறிக்கும்.

அன்னைக்கும் ஒழுங்காத்தான் மெஷின நிறுத்திட்டுத் துண்டைக் கொண்டாந்தா. ரெண்டு துண்டு. சேத்து வெச்சுப் பாத்தா மொனையக் காணோம். நானே எந்திரிச்சு அவ மெஷின்கிட்டப் போனேன். சுத்தி ரெண்டு ரவுண்டு வந்தேன், குனிஞ்சு பாத்தேன், காந்தக் குச்சிய வெச்சுத் தரையெல்லாம் தடவுனேன். அப்பத்தான் வலது குதிகால்ல சுருக்குன்னு ஒண்ணு.

வலது குதிகால், கவனிச்சுக்குங். எனக்கு அஞ்சு வருசமா குதிகால் வாதம் உண்டு. ஆனா அது எடது. செரி, வாதம் கால் மாறிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். சிரிக்காதீங் கண்ணு. அம்பது வயசாகட்டும், வலி எங்கெங்க மாறுதுன்னு உங்குளுக்கே தெரியும். சக்கரை வேற இருக்குது, பாதத்துல பாதி மரமரன்னு கெடக்கும். சுருக்குன்னதே பெரிய காரியம்.

அந்த மொனை எங்கியும் இல்லீங். மெஷினக் கழட்டிப் பாத்தாச்சு, குப்பைய வடிகட்டிப் பாத்தாச்சு, தைச்ச பண்டல அவுத்துப் பாத்தாச்சு. மத்தியானம் ரெண்டு மணியாச்சு, லைன் நின்னது நின்னபடி. நாலாயிரம் பீஸு, வெயாழக்கெழமை லாரி ஏறோணும், எல்லாம் செவப்புப் பொட்டியில பூட்டிக் கெடக்குது. மேனேஜர் அரை மணிக்கு ஒருக்கா வந்து கையப் பெசையறாரு.

அப்பத்தான் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. கெட்டிக்கார ரோசனைன்னு இப்பவும் சொல்லுவேன். அல்லாரும் வெறுங்கால்லதான இருக்கறாங்க, எவ கால்லயாச்சும் ஏறியிருந்தா? "அல்லாரும் இப்பிடித் திரும்பி உக்காந்து காலை நீட்டுங்!"னு சொல்லிப்போட்டேன். முப்பத்திரண்டு பேரு, அறுபத்திநாலு காலு. டார்ச்சு அடிச்சு, காந்தத்த வெச்சுத் தடவி, ஒவ்வொண்ணாப் பாத்தேன். எவ கால்ல பித்தவெடிப்பு, எவ சின்னவெரலுக்கு மருதாணி வெச்சிருக்கறா, எவ மெட்டி தேஞ்சுபோச்சு, இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். குனிஞ்சு நிமிந்து நொண்டி நொண்டி முப்பத்தொரு பேத்தையும் பாத்து முடிச்சேன்.

கடைசி பூங்கொடி. அவ காலும் சுத்தம். நான் நிமிர்றேன், அவ மெல்லமாச் சொல்றா: "அக்கா, அல்லாரு காலும் பாத்துட்டீங். உங்க கால் மட்டுந்தான் பாக்கி. என்ற மெஷின்கிட்ட வந்துட்டுப் போனதுல இருந்து சாச்சுச் சாச்சு நடக்கறீங். ஒருக்கா பாத்துருங்க்கா."

எப்பிடி இருக்கும் எனக்கு? அத்தனை பேரு முன்னால! சூப்பர்வைசர் காலைத் தூக்கிக் காட்டோணுமாமா. எகத்தாளந்தான அது? நீங்களே சொல்லுங்.

என்னங், இல்லைன்னு தலைய ஆட்டறீங்? செரி, எகத்தாளமில்லைன்னே வெச்சுக்குங். அன்னைக்கு எனக்கு அப்பிடித்தான் பட்டுது.

"என்ற காலு கெடக்கட்டும், நீ உன்ற கையக் காட்டு. தேடறதுக்குச் சடஞ்சுக்கிட்டு மொனையத் தூக்கி எறிஞ்சுட்டு இப்ப நாயம் பேசறயா?"ன்னு கேட்டுப்போட்டேன். அப்பிடிச் செய்யறவளுகளும் இருக்கறாளுங்க கண்ணு, இல்லாததைச் சொல்லல. தேடுனா நேரம் போகும், பீஸ் கொறையும்னு சன்னல் வழியா வீசிப்போட்டு, "காணலீங்க்கா"ன்னு வந்து நிப்பாளுங்க. அவ பையைக் கொட்டிப் பாத்தேன். சோத்துப் போசியத் தொறந்து பாத்தேன். வாசல்ல இருந்து அவ செருப்பைக் கொண்டாரச் சொல்லி, அட்டைக்குள்ள செருகி வெச்சிருப்பாளோன்னு கத்தியில அறுத்தே பாத்துட்டேன். ஒண்ணுமில்ல.

நோட்டுல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குதுங். அதுல எழுதுனேன், "டெய்லர் துண்டை மறைத்ததாகச் சந்தேகம்"னு. எழுதிட்டு, கையெழுத்துப் போடுன்னு அவ பக்கம் திருப்பி வெச்சேன்.

அவ படிச்சா. மெதுவா, ரெண்டு தடவை. பேனாவ மூடி மேசை மேல வெச்சா. "நான் ஒளிக்கலீங்க்கா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. மூணு மணி வெய்யிலு. செருப்பு என்ற மேசையில ரெண்டு துண்டாக் கெடக்குது. தார் ரோட்டுல வெறுங்காலோட பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போனாளாம், வாட்ச்மேன் அப்பறமா வந்து சொன்னாரு. எனக்கு அன்னைக்கு ஒண்ணும் தோணலீங். திமிரப் பாருன்னுதான் தோணுச்சு.

இது கொடுவாய்ங்களா? ஆமா, கொடுவாய்தான். இன்னும் தூரம் இருக்குது.

பொழுதோட வூட்டுக்குப் போயி வாதத்துக்கு வைத்தியம் பண்ணுனேன். செங்கல்ல அடுப்புல சுட வெச்சு, மேல எருக்கஞ்செடி எலையப் போட்டு, குதிகால அமுத்தி மிதிக்கோணும். கைகண்ட மருந்துங், எங்க வீதியில அல்லாரும் செய்யறதுதான். நான் எதையும் அரைகொறையாச் செய்ய மாட்டேன். நல்லா ஏறி நின்னு, முழுப் பாரத்தையும் போட்டு, கால் மணி நேரம் அமுத்துனேன். இப்ப நெனச்சுப் பாத்தா, சுத்தியில்லாம நானே அடிச்சு எறக்கியிருக்கறேன் அந்த மொனைய.

செவ்வாக்கெழமை நாலாயிரம் பீஸையும் டிடெக்டர்ல வுட்டோம். அது ஒரு மெஷினுங். பெல்ட்டுல பனியன வெச்சா உள்ள போயி வெளிய வரும், இரும்பு இருந்தா கத்தும். செங்கோடன்னு ஒருத்தரு அதைப் பாத்துக்கறாரு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ற ஆளு, கேக்காட்டி அதுவும் இல்ல. ரெண்டு தடவை வுட்டாரு. ஒரு பீஸ்கூடக் கத்தல. மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டாரு. "அக்கா, மெஷினே சுத்தம்னு சொல்லிருச்சு, அனுப்பிரலாங்"ங்கறாரு. "மெஷின் சொல்லும். மொனை எங்கீங்? அது கெடைக்காம ஒரு பீஸ் இந்த வாசலத் தாண்டாது"ன்னுட்டேன். நான் பண்ணுனது செரிதான? மொனை எங்கியோ இருக்கத்தான செஞ்சுது?

மறுநா புதன். செங்கோடன் கையில புடிச்சுத் தடவற சின்ன டிடெக்டரைக் கொண்டாந்தாரு, குச்சியாட்ட இருக்கும். தரையத் தடவிக்கிட்டே வர்றாரு. நான் பக்கத்துலயே நின்னு, அங்க தடவுங், இங்க தடவுங், அந்த மூலைய வுட்டுட்டீங்னு சொல்லிக்கிட்டே போறேன். திடீர்னு கீய்ங்குன்னு கத்துச்சு பாருங்! "கெடச்சுது!"ன்னு நான் போட்ட சத்தத்துல டீ கொண்டாந்தவன் டம்ளரக் கீழ போட்டுட்டான்.

செங்கோடன் அந்த எடத்துல மறுக்கா தடவுனாரு. கத்துச்சு. "காலை எடுங்க்கா"ன்னாரு. ரெண்டடி நகந்து நின்னேன். பழைய எடத்துல தடவுறாரு, சத்தமே இல்ல. என்ற பக்கம் வந்தாரு, கத்துச்சு. நான் மறுக்கா நகந்தேன். சத்தமும் கூடவே நகந்துது. அந்த மனுசன் குச்சிய நிறுத்திட்டு என்ற காலையே பாக்கறாரு.

"மெட்டிங்"ன்னேன்.

"வெள்ளிக்குக் கத்தாதுங். இரும்புக்கு மட்டுந்தான்."

ஆனாலும் கழட்டி வெச்சேன். கத்துச்சு. "அப்ப பொடவையில ஊக்குக் குத்தியிருக்கறேன், அதுதான்"னு ஊக்கையும் எடுத்துப் போட்டேன். கத்துச்சு. "உங்க மெஷின்ல கோளாறு"ன்னேன். அவரு குச்சியத் தன்ற கால்ல வெச்சுக் காட்டுனாரு. கத்தல. "காலைத் தூக்குங்க்கா"ன்னாரு.

லைன்ல முப்பத்தொரு பேரும் எந்திரிச்சு நின்னுட்டாளுக. பதினேழு வருசத்துல நான் சொல்லாம அவுளுக எந்திரிச்சது அன்னைக்குத்தான். மேசையப் புடிச்சுக்கிட்டுக் காலைத் தூக்குனேன். வெரல்ல சத்தமில்ல, நடுப்பாதத்துல சத்தமில்ல, குதிகாலுக்கு வந்துது, அடக் கெரகமே, கோயில் சங்காட்டக் கத்துது! வெடிப்புக்குள்ள போயி உக்காந்திருக்குது கண்ணு. வெளிய ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான்.

ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊரெல்லாம் தேடுன கதையாப் போச்சு என்ற கதை. மேனேஜர் ஓடி வந்தாரு. சிரிக்கக் கூடாதுன்னு ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு, "அக்கா, நாலாயிரம் பீஸும் பாஸு. நாலாயிரத்து ஒண்ணாவது பீஸ் மட்டுந்தான் ஃபெயிலு"ங்கறாரு. லைனே கொல்லுன்னு சிரிச்சுது. நானும் சிரிச்சேன், பின்ன என்னங் பண்றது? சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாக்கறேன், பூங்கொடி மெஷின் மட்டும் துணி போட்டு மூடிக் கெடக்குது.

ஆஸ்பத்திரியில கீறி எடுத்தாங்க. நான் டாக்டர்கிட்ட மொதல்ல சொன்னது என்ன தெரியுமுங்களா? "சார், அந்தத் துண்டை வீசிராதீங், நோட்டுல ஒட்டோணும்"னு. அவரு நர்சு மூஞ்சியப் பாத்தாரு, நர்சு அவரு மூஞ்சியப் பாத்துச்சு. ஒரு சின்ன டப்பியில போட்டுக் குடுத்தாங்க. அப்பறம் டாக்டர் திட்டுனாரு பாருங், என்ற மாமியார்கூட அப்பிடித் திட்டுனதில்ல. சக்கரை இருக்கறவங்க வெறுங்காலோட திரியலாமா, குத்துன காலைச் செங்கல்ல வெச்சுச் சுடலாமா, உள்ள சீழ் கட்டிருச்சு, இன்னும் நாலு நாள் வுட்டிருந்தா எலும்புக்கு எறங்கியிருக்கும், காலுக்கே ஆபத்து வந்திருக்கும்னு. திட்டி முடிச்சுட்டு, "நீங்க நொண்டி நடந்ததைப் பாத்து யாராச்சும் ஒருத்தர் சொல்லலியாம்மா?"ன்னு கேட்டாரு.

யாரும் சொல்லலீங் சார்னேன்.

அது பொய்யிங். மொனை இருந்த எடத்துலகூட அப்பிடி வலிக்கல, அந்த ஒரு பொய்யச் சொன்னப்ப.

வெயாழக்கெழமை நொண்டிக்கிட்டே போயி நோட்டுல ஒட்டுனேன். மூணு துண்டும் சேந்துச்சு, முழு ஊசி நீளம், ஒரு நூலுகூடக் கொறையல. லாரி ஏறிருச்சு. உள்ள போட்டுக்கறதுக்கு அல்லாத்துக்கும் கம்பெனியில புதுச் செருப்பு வாங்கி அடுக்கிட்டாங்க, என்ற ரூல் போச்சு. போகட்டும். துண்டு எங்க கெடச்சுதுங்கற கட்டத்துல "குதிகாலில்"னு எழுதுனேன். செங்கோடன் எட்டிப் பாத்தாரு. மனுசன் கேக்காம ஒண்ணும் பேச மாட்டாருன்னு சொன்னனில்ல? அன்னைக்குப் பேசிட்டாரு. "யாரு குதிகால்னு போடலீங்களா?"ங்கறாரு. "கட்டத்துல எங்கன்னுதான கேக்குது, யாருன்னு கேக்கலியே?"ன்னேன். "செரிங்க்கா"ன்னு போயிட்டாரு.

அதுல ஒரு வம்பு என்னன்னா, டெய்லர் கையெழுத்துப் போடாம அந்தப் பக்கம் முடியாது. பூங்கொடி வேலைக்கு வரல. வேன்ல வர்ற பொண்ணு சொல்லுச்சு, நாளைக்கு வேற கம்பெனியில சேர்றாளாமா. திருப்பூர்ல நல்ல டெய்லருக்கு வேலைக்கென்ன பஞ்சமா, கூப்புட்டுக் குடுப்பாங்க. போறவ போகட்டும். ஆனா கையெழுத்து வேணுமில்ல? அதுக்குத்தான் இன்னைக்கு ஞாயித்துக்கெழமையும் அதுவுமா கெளம்பி வர்றேன். வேற ஒண்ணுக்கும் இல்லீங். மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனச்சுக்காதீங். ரூல்படி தேடுனேன், அவ்வளவுதான்.

இந்தப் பையில நோட்டுத்தான் இருக்குது. கம்பெனிய வுட்டு நோட்டு வெளிய போகக்கூடாதுன்னு ரூலு, நான் எழுதி ஒட்டுனதுதான். இன்னைக்கு ஒரு நாளு. அதுக்கு மேல இருக்கறது செருப்பு. பழசை அறுத்துப்போட்டனில்ல, அதனால புதுசு. அளவு தெரியோணுமுன்னு அந்த அறுத்த துண்டைக் கையில எடுத்துட்டுக் கடைக்குப் போனேன், கடைக்காரரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. அந்தப் பொட்டி மைசூர்பாகு. சும்மாதாங், பஸ் ஸ்டேண்டுக்குப் போற வழியில கடை இருந்துச்சு. வழியில இல்லீங், ரெண்டு தெரு தள்ளி. கண்ணு, நீங்க கேக்கவே இல்ல, நானே ஒளறிக்கிட்டிருக்கறேன்.

நேத்து போன் பண்ணுனேன் அவளுக்கு. "நாந்தான், பழனாத்தா. நோட்டுல கையெழுத்து வேணும், நாளைக்கு வர்றேன்"னேன். "செரிங், பிரிவுல வந்து நிக்கறேன்"னா. அவ்வளவுதான். மொனை கெடச்சுதான்னு கேக்கல. எங்க கெடச்சுதுன்னும் கேக்கல. வேன்ல வர்றவ சொல்லியிருப்பா, தெரியாம இருக்குமா?

எனக்கு ராத்திரியெல்லாம் ஒரே ரோசனை. அவ திட்டுனா நல்லதுங். நாலு பேரு கேக்கத் திட்டுனான்னா, நானும் ரெண்டு திருப்பிச் சொல்லுவேன், அதோட தீந்துரும். எனக்குச் சண்டை தெரியும் கண்ணு. ஆனா அவ திட்ட மாட்டா. எட்டு வருசமாப் பாக்கறனே. காலு எப்பிடி இருக்குதுங்க்கான்னு கேட்டுட்டான்னா நான் என்னங் சொல்றது? அதை நெனச்சாத்தான் பயமா இருக்குது. வெக்கமா இருக்குது, அதைச் சொல்லிட்டாத்தான் என்ன.

இந்தப் பக்கத்தை நீங்களே பாருங். இங்க ஒட்டியிருக்குது பாருங், மூணு துண்டு. இதுக்குக் கீழ, "டெய்லர் துண்டை மறைத்ததாகச் சந்தேகம்". என்ற கையெழுத்துத்தான், மணிமணியா இருக்குதில்ல? இதை அடிக்க முடியாதுங். அடிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது, கிழிக்கக்கூடாது. எழுதுனது எழுதுனதுதான். பத்து வருசங் கழிச்சு எவனோ ஒரு ஆடிட்டரு எடுத்துப் பாத்தாலும் அவ பேருக்கு நேரா இது இருக்கும். எட்டு வருசம், பதினாலு ஊசி, அத்தனையும் முழுசு. அவ பேருக்கு நேராப் போயி இது.

இதுல கையெழுத்துப் போடுன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நீட்டுவேன்?

கண்ணு, பேனா இருக்குதுங்களா? குடுங். என்றது பையில அடியில கெடக்குது. நோட்ட இப்பிடிச் செத்தப் புடிச்சுக்குங், பஸ் குலுங்குது. அடிக்கத்தான் கூடாது, கீழ எழுதக்கூடாதுன்னு எந்த ரூலும் இல்ல. எனக்குத் தெரியாத ரூலா?

"யாரும் மறைக்கவில்லை." ஆச்சா. "துண்டு சூப்பர்வைசர் பழனாத்தாள் வலது குதிகாலில் இருந்தது." எழுத்துக் கோணலாப் போகுது பாருங், சின்னப்புள்ளை எழுதுனாப்பல. போகட்டும். இருங், வாங்காதீங், இன்னும் ஒரு வரி இருக்குது. "காலைப் பார்க்கச் சொல்லி டெய்லர் அன்றைக்கே சொன்னார்."

இப்பப் படிங் ஒருக்கா. புரியுதுங்களா? ஆங்.

குண்டடம் தாண்டிருச்சா! கண்டக்டரு தம்பி, ஈச்சங்காட்டுப் பிரிவு, நிறுத்துங் சாமி, கால் முடியாதவ, வெறசா எறங்க முடியாது! கண்ணு, செத்தக் கையக் குடுங். நோட்டு உள்ள இருக்குதா? செருப்பு? மைசூர்பாகு நசுங்கலியே? நல்லா இருப்பீங், போயிட்டு வாங்.

அதா, வேப்பமரத்துக்கிட்ட நிக்கறா பாருங், நீலப் பொடவை. அவதான். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிப்பாள்னு நெனச்சேன். பாருங், அவ என்ற மூஞ்சியப் பாக்கவே இல்ல. நான் படியில எறங்கறதுக்குள்ள ஓடி வர்றா. என்ற காலைத்தான் பாத்துக்கிட்டே வர்றா கண்ணு.